ஏ ஷிஃப்ட் அரளி, பி ஷிஃப்ட் அந்திமந்தாரை

பிள்ளைப்பாக்கத்தில் மணி பார்க்கக் கடிகாரம் வேண்டாம், பஸ் போதும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே போகிறவர்கள் நிறைந்த கம்பெனி பஸ் என்றால் விடியற்காலை ஐந்தேகால், ஏ ஷிஃப்ட். சாப்பிட்ட கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து ஏறினால் மதியம் ஒன்றேகால், பி ஷிஃப்ட். தெருவே சீரியல் பார்க்கிற நேரத்தில் டிபன் பாக்ஸோடு வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் சி ஷிஃப்ட். நடுவே ஒன்பது மணிக்கு, சட்டை கசங்காமல், ஐடி கார்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நிதானமாகப் போகிறவர்கள் ஜெனரல் ஷிஃப்ட். அவர்களைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. பேசினால் வயிறு எரியும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் முழுக்க இதே நிலவரம்தான். கார், பைக், லாரி, கண்ணாடி, டி.வி., செல்போன் என்று தேசத்துக்கு வேண்டியதெல்லாம் இங்கிருந்து கன்டெய்னரில் கிளம்புகிறது. நான் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். வரும் பாகத்தை எடுப்பேன், டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்புவேன், கீறல் உண்டா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். சரியென்றால் ஓகே, இல்லையென்றால் என்ஜி. எட்டு மணி நேரம் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, வீட்டுக்கு வந்தால் குறையே கண்டுபிடிக்கத் தேவையில்லாத ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டும் போலிருக்கும். எனக்கு அது ரோஸ் கலர் பூ.

ஏன் குறிப்பாக ரோஸ் என்று என் மனைவி கேட்டாள். காரணம் இருக்கிறது. எங்கள் ஷாப்ஃப்ளோரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு. சிவப்பு என்றால் ரிஜெக்ட் தொட்டி. பச்சை என்றால் ஓகே ட்ரே. மஞ்சள் என்றால் நடக்கும் பாதை. கோட்டைத் தாண்டினால் சூப்பர்வைசர் கத்துவார். நீலம் யூனிஃபார்ம். எந்த வேலையும் கொடுக்கப்படாமல், யாரையும் அதட்டாமல், சும்மா இருக்கிற ஒரே நிறம் ரோஸ்தான். அந்த நிறத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை.

ஆனால் அதை ரசிப்பதிலும் படம் எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பூக்களும் ஷிஃப்ட் பார்க்கின்றன. ஸ்வீடன் தேசத்துத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1751இல் ஒரு யோசனை சொன்னார்: எந்தப் பூ எத்தனை மணிக்கு விரிகிறது, எத்தனை மணிக்குக் கூம்புகிறது என்று குறித்துவைத்து, அந்த வரிசையில் நட்டால், தோட்டத்தைப் பார்த்தே நேரம் சொல்லிவிடலாம். பூக்கடிகாரம் என்று அதற்குப் பெயர். அவருக்கு அது விஞ்ஞானம். சிப்காட்டில் குடியிருக்கிறவனுக்கு அது ஷிஃப்ட் சார்ட். இந்தச் சார்ட்டைப் புரிந்துகொள்ளாமல் செடி வைப்பவன், பூவை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. தண்ணீர் ஊற்றுவது மட்டுமே அவன் வேலை.

தோட்டம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் ஒரு நீளத் துண்டு மண். மாடியில் பழைய பெயின்ட் பக்கெட்டுகள். இந்தத் தோட்டத்தை வடிவமைத்தது நானோ என் மனைவியோ அல்ல. தெரு ஆடு.

சிப்காட்டில் இன்னும் கட்டடம் வராத பிளாட்டுகளில் மேய்கிற ஆடுகள், மாலையில் வீடு திரும்பும் வழியில் எங்கள் கேட்டை ஒரு தட்டு தட்டிப் பார்க்கும். தாழ்ப்பாள் சரியாக விழாத நாளில் உள்ளே வந்து இன்ஸ்பெக்ஷன் செய்யும். ரோஸ் செம்பருத்தியை வைத்தோம், ஓகே செய்துவிட்டது. பன்னீர் ரோஜாவை முள்ளோடு ஓகே செய்தது. கடைசியில் அது என்ஜி என்று ஒதுக்கிய செடிகள் மட்டும் எங்களுக்கு மிஞ்சின. அரளி, அடினியம், நித்யகல்யாணி. பிறகுதான் ஒருநாள் தெரியவந்தது, மூன்றும் ஒரே குடும்பம்; அப்போசைனேசி என்று பெயர். பால் வடிகிற, கசக்கிற, விஷமுள்ள உறவுக்காரர்கள் நிறைந்த குடும்பம். தாவரவியல் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் ஒரு குடும்பத்தையே சரியாக அடையாளம் கண்டு விலக்கிய அந்த ஆட்டை நான் மனசுக்குள் புரொபசர் என்றுதான் கூப்பிடுகிறேன்.

இதில் அரளிக்குத்தான் அரசாங்க வேலை கிடைத்திருக்கிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் நடுத்திட்டில் ரோஸும் வெள்ளையுமாக அரளி பூத்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. தண்ணீர் அதிகம் கேட்காது. லாரிப் புகையைத் தாங்கும். புதராக அடர்ந்து வளர்வதால் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் கண்ணில் அடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாடு கடிக்காது. கடிக்கும் என்றால் நடுத்திட்டில் மாடும் நிற்கும், மாட்டுக்காக லாரியும் நிற்கும். அரளியில் ஒலியாண்ட்ரின் என்ற நஞ்சு இருக்கிறது. இலை, தண்டு, பூ, வேர் எல்லாவற்றிலும் உண்டு. உள்ளே போனால் இதயத்துடிப்பையே குலைத்துவிடும். அதனால் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் யோசித்து வைக்க வேண்டும். பறித்த கையை உடனே கழுவ வேண்டும்.

கையைக் கழுவும் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர் அம்மா. பறிக்கும் வேலையையும் அவர்தான் செய்கிறார். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏ ஷிஃப்ட் வாரத்தில் நான் கிளம்பும்போது இருட்டு. அரளி எங்கே, கேட் எங்கே என்று தெரியாது. நான் பஸ் ஏறிய கையோடு அம்மா பிளாஸ்டிக் கூடையோடு இறங்குகிறார். மதியம் நான் வந்து பார்த்தால் செடி மொட்டை. ஒரு பூவைக்கூட விட்டுவைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"எதுக்குடா?"

"போட்டோ எடுக்கணும்மா."

"சாமி ரூம்ல இருக்கு பாரு, போய் எடு. பூவும் இருக்கு, சாமியும் இருக்கு. ஒரே போட்டோவுல ரெண்டும் வந்துடும். செடில நின்னா வெறும் பூதான வரும்?"

இந்தக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. சாமி அறைக்குப் போனேன். மாரியம்மன் படத்தின் மேல் விளிம்பில் அரளிக்கொத்து சாய்ந்திருந்தது. வெந்நீரில் போட்டு எடுத்தது மாதிரி இதழ்கள் துவண்டிருந்தாலும் நிறம் போகவில்லை. போனை நீட்டினேன். படம் முழுக்க ஒரு பனிமூட்டம். விளக்குச் சுடரைச் சுற்றி ஒரு வட்டம், அம்மன் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம்.

அம்மனின் அருளல்ல அது. ஸ்டிக்கர் கோந்து. எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அண்ணன், உள்ளே போகும் ஒவ்வொருவரின் போன் கேமரா மேலும் கட்டைவிரல் நகம் அளவு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பது விதி. வெளியே வந்ததும் நாங்கள் உரித்துப் போட்டுவிடுவோம். ஸ்டிக்கர் வந்துவிடும், கோந்து தங்கிவிடும். அதன் மேல் மறுநாள் இன்னொன்று. இந்த வட்டாரத்துத் தொழிலாளி எடுத்த பூப்படம் எதைப் பார்த்தாலும் ஓரத்தில் ஒரு மங்கல் இருந்தால், அவர் எந்தக் கலைப்பாணியையும் பின்பற்றவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியில் ஒரு சொட்டு சானிடைசரைத் தொட்டு மெதுவாக வட்டமாகத் துடைத்தால் போகும். பனியன் நுனியால் துடைத்தால் கோந்து போகாது, பரவும்.

இத்தனைக்கும் எங்கள் வட்டாரம் போனுக்குப் பேர்போனது. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் இருக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. 2023இல் வந்த ஐபோன் 15 இங்கேயும் உருவானது. அதற்குக் கொடுத்த நிறங்களில் ஒன்று ரோஸ். ஆக, எங்கள் ஊர்ப்பக்கத்தில் செடி மட்டுமல்ல, போனும் ரோஸ் கலரில் பூத்திருக்கிறது. என்னிடம் இருப்பது அதுவல்ல. மச்சான் மாற்றும்போது கைமாறி வந்த கறுப்புப் போன். ஆனாலும் பூ எடுப்பதற்கு போனின் விலையைவிட வெயிலின் விலை முக்கியம் என்பதை பி ஷிஃப்ட் வாரத்தில் படித்துக்கொண்டேன்.

பி ஷிஃப்ட் வாரத்தில் காலை முழுக்க நான் வீட்டில். அப்போது மாடியில் வேலைக்கு வரும் பூ டேபிள் ரோஸ். பத்துமணிப் பூ என்று சொல்வார்களே, அதேதான். சரியாக வெயில் ஏறினால்தான் திறக்கும். மேகமூட்டமாக இருந்தால் மொட்டை இறுக்கி மூடிக்கொண்டு "இன்றைக்கு லைன் ஸ்டாப்" என்று சொல்லிவிடும். மதியம் தாண்டினால் சுருங்கிவிடும். ஜெனரல் ஷிஃப்ட் ஆசாமிகள் ஆசையாக இதை வாங்கி வைப்பார்கள். பாவம், திங்கள் முதல் சனி வரை அவர்கள் பார்ப்பது மொட்டையும் சுருக்கத்தையும்தான். அவர்கள் மேல் எனக்கிருந்த பொறாமை கொஞ்சம் குறைந்தது டேபிள் ரோஸால்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இந்தப் பூவில் ஒரு வேடிக்கை. ரோஸ் இதழ்களின் நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் கொத்தாக நிற்கும். தேனீ வந்து ஒரு பக்கமாக உட்கார்ந்து காலை உதைத்ததும், அந்தத் தாள்கள் மெல்ல அது தொட்ட பக்கமே சாய்கின்றன. காற்றில் ஆடுவதல்ல, தொட்டால் நகரும் குணம் அவற்றுக்கே உண்டு. ஈர்க்குச்சி நுனியால் லேசாகத் தொட்டால் உங்களுக்கும் சாயும். தேனீயின் முதுகில் மகரந்தத்தைத் தடவி அனுப்பும் ஏற்பாடு. ரோபோ கை வைத்துப் பெயின்ட் அடிக்கிற ஊரில் இருந்துகொண்டு, பெயின்ட் பக்கெட்டில் நடக்கிற இந்த ஆட்டோமேஷனை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் எடுத்தால் மட்டும் இதழில் ஒரு நரம்புகூடத் தெரியவில்லை. ரோஸ் கலரில் ஒரு திட்டு, அவ்வளவே. காரணம் போனுக்குள் இருக்கிறது. கோடாக் கம்பெனியில் பிரைஸ் பேயர் என்பவர் கண்டுபிடித்து 1976இல் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி அமைப்புதான், கொஞ்சம் கொஞ்சம் மாறி, இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில். அதில் நான்கு புள்ளிகளை எடுத்தால் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. மனிதக் கண் பச்சையில்தான் நுணுக்கத்தை நன்றாகப் பிடிக்கும் என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. அடர்ந்த ரோஸ் பூவோ பச்சை வெளிச்சத்தைக் கொஞ்சமாகவே திருப்பித் தருகிறது. மிச்சமெல்லாம் சிவப்பும் நீலமும். ஆக, நான்கு ஆளில் இரண்டு ஆள் சும்மா உட்கார்ந்திருக்க, பாக்கி இரண்டு ஆள் தலையில் மொத்த வேலையும் விழுகிறது. பத்து மணி வெயிலில் சிவப்புப் புள்ளிகள் நிரம்பி வழிந்து, அதற்குமேல் கணக்கெழுத இடமில்லாமல் கையை விரித்துவிடுகின்றன. நுணுக்கமெல்லாம் அங்கேதான் காணாமல் போகிறது. எங்கள் லைனில் இருக்கும் நிலைமைதான். அதனால் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

வைத்தியம் சுலபம். திரையில் பூவின் மேல் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறைக்க வேண்டும். படம் கொஞ்சம் இருட்டாக வந்தாலும் பரவாயில்லை, இதழின் கோடுகள் பிழைத்துக்கொள்ளும். இரண்டாவது, நேர் வெயிலை மறைக்க வேண்டும். வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் வெயில் அதில் வடிந்து மென்மையாக விழும். பிடிப்பதற்கு ஆள் வேண்டுமே! அம்மாவை மாடிக்கு அழைத்துவந்தேன். அவர் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைத் துணிக்கொடியில் கட்டினேன். நான் தரையில் குப்புறப் படுத்துக் கையில் போனோடு பக்கெட்டை நோக்கி ஊர்ந்தேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த ஜார்கண்ட் பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மரியாதையாக, "பூஜாவா அம்மா?" என்றான்.

"இல்லப்பா, இவனுக்கு நைட் ஷிஃப்ட் ஒத்துக்கல" என்றார் அம்மா.

மறுபடி ஏ ஷிஃப்ட் வாரம் வந்தால் மாலை எனக்குச் சொந்தம். நான்கு, நாலரைக்கு அந்திமந்தாரை டியூட்டிக்கு வரும். இரவு முழுக்க விழித்திருந்து, மறுநாள் வெயில் ஏறும்போது சுருண்டுவிடும். ராப்பூச்சிகளுக்காகக் கடை திறக்கும் பூ. அதனால்தான் வாசனையும் மாலையில்தான். மஞ்சளும் வெள்ளையும் இருந்தாலும் எங்கள் வீட்டில் இருப்பது அடர்ந்த ரோஸ். புடவைக் கடையில் ராணி கலர் என்று எடுத்துக் காட்டுவார்களே, அது. இதன் படம் நன்றாக வருவதற்குக் காரணம் பூவல்ல, நேரம். சூரியன் சாய்ந்து, வெளிச்சம் குறுக்கே விழும் நேரத்தில் யார் எடுத்தாலும் நன்றாகத்தான் வரும். சாயங்காலம் பெண் பார்க்க வரச் சொன்ன பெரியவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு இந்தச் செடியைக் கண்டாலே ஆகாது. "அப்பா, இது பூ இல்ல, அஞ்சு மார்க்" என்பாள். கார்ல் காரென்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளை அந்திமந்தாரையையும் கலந்தார். பிள்ளைகள் எல்லாம் ரோஸாகப் பிறந்தன. அந்தப் பிள்ளைகளைத் தங்களுக்குள் கலந்தால் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு ரோஸ், ஒரு பங்கு வெள்ளை. முழுமையற்ற ஓங்குதன்மை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அப்பா பக்கம் கோபம், அம்மா பக்கம் சாந்தம், பிள்ளை இரண்டுக்கும் நடுவில் என்று நான் என் குடும்பத்தை வைத்து விளக்க முயன்றேன். யார் சிவப்பு, யார் வெள்ளை என்பதில் என் மனைவிக்கு வேறு கருத்து இருந்ததால் பாடம் அத்தோடு நின்றது.

இன்னொரு விஷயத்தையும் மகள்தான் சொன்னாள்: வானவில்லில் ராணி கலர் கிடையாது. நியூட்டன் காலத்திலிருந்து பிரித்துப் பிரித்துப் பார்த்தும் சிவப்பு ஒரு கோடியில், ஊதா மறுகோடியில். இரண்டும் சேரும் இடம் வானவில்லில் எங்கும் இல்லை. சிவப்பும் நீலமும் ஒன்றாகக் கண்ணில் விழுந்து, நடுவில் பச்சை வராதபோது, மூளை தானாக ஒரு நிறத்தைத் தயார் செய்து கொடுக்கிறது. அதுதான் இது. ஷாப்ஃப்ளோரில் இந்த நிறத்துக்கு ஏன் வேலை இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆள் மஸ்டர் ரோலிலேயே இல்லை.

சி ஷிஃப்ட் வாரம்தான் கஷ்டமான வாரம். வீடு திரும்பும்போது கண்ணில் மணல். அந்த வாரத்துக்கென்று இருப்பது கேட்டின் மேல் படர்ந்திருக்கும் ரங்கூன் மல்லி. நல்லவேளையாக ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டது. நான் இரவு கிளம்பும்போது புதிதாக விரிந்த பூ வெள்ளையாக, நீளக் காம்போடு தொங்கி, வாசனை வீசும். மறுநாள் ரோஸாகும். அதற்கும் மறுநாள் சிவப்பு. இரவில் வெள்ளை, ராப்பூச்சிக்குத் தெரிவதற்காக. பகலில் நிறம் ஏறுவது தேனீக்கும் பறவைக்கும் கடை இன்னும் திறந்திருக்கிறது என்று சொல்ல. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். எங்கள் கம்பெனியில் ஒரே பேட்ச்சில் மூன்று ஷேட் வந்தால் கஸ்டமரிடமிருந்து மெயில் வரும், மேனேஜருக்கு பிரஷர் வரும், எனக்கு மெமோ வரும். இங்கே அதற்குப் பெயர் அழகு.

விடிகிற நேரத்தில் எடுக்கும் படத்தில் ஒரு தந்திரம் வேண்டும். திரை முழுக்க ரோஸ் பூவையே நிரப்பினால், போன் அதைப் பூ என்று நினைக்காது. வெளிச்சமே ரோஸாக இருக்கிறது போல என்று எடுத்துக்கொண்டு, அதைச் சரிக்கட்டப் பச்சையைக் கலந்துவிடும். பூவின் முகத்தில் களை போய்விடும். ஓரத்தில் ஒரு இலையையோ, சுண்ணாம்புச் சுவரின் ஒரு துண்டையோ சேர்த்துக்கொண்டால் போன் தெளிந்துவிடும். நல்லவன் என்று தெரிய வேண்டுமானாலும் பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது.

எந்த ஷிஃப்டிலும் சேராத கூட்டம் ஒன்றும் உண்டு. மழை லில்லி. வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் புல்லாகக் கிடக்கும். சின்ன வெங்காயம் போன்ற கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். நல்ல மழை ஒன்று பெய்து சில நாள் கழித்துப் பார்த்தால், திடீரென்று ஒரு வரிசை ரோஸ் பூ. இரண்டொரு நாளில் ஆள் இல்லை. ஆர்டர் வந்தால் கூப்பிட்டு, முடிந்ததும் அனுப்பிவிடும் கான்ட்ராக்ட் ஆட்கள் எங்கள் ஊரில் ஏராளம். அவர்கள் இந்தப் பூவைப் பார்த்தால் சொந்தக்காரன் என்று அடையாளம் கண்டுகொள்வார்கள். லின்னேயஸின் கடிகாரத்தில் இதற்கு எண் இல்லை.

லீவே எடுக்காதது நித்யகல்யாணி. அம்மாவுக்கு அதை வீட்டில் சேர்க்க விருப்பமில்லை; சுடுகாட்டு மல்லியைக் கொண்டுவந்து யாராவது வாசலில் வைப்பார்களா என்பார். நாங்கள் வைக்கவே இல்லை. காம்பவுண்டுச் சுவருக்கும் சிமென்ட் தரைக்கும் நடுவே இருந்த வெடிப்பில் தானாக முளைத்து, ஐந்து ரோஸ் இதழும் நடுவில் ஒரு அடர்ந்த பொட்டுமாகப் பூத்துக்கொண்டே இருக்கிறது. கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர், ஜமைக்காவில் இதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் கொடுக்கிறார்களே என்று சோதித்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த வழியில் 1958இல் வின்பிளாஸ்டின் தெரியவந்தது. இதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் கொடுக்கப்படுகிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "சரி, இருந்துட்டுப் போகட்டும். வாசலுக்கு நேரா மட்டும் வேணாம், சைடுல இருக்கட்டும்" என்றார். செடி நகரவில்லை. அம்மா கோலம் போடும் இடத்தை அரை அடி நகர்த்திக்கொண்டார்.

பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து எங்கள் பக்கம் வழியும் காகிதப்பூவைச் சொல்லாமல் விட்டால் அந்த அக்கா கோபித்துக்கொள்வார். அதில் நாம் பூ என்று படம் எடுக்கும் ரோஸ் காகிதம் பூவே அல்ல, பூவடிச்செதில். உள்ளே குச்சி போல நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. போகஸை அங்கே வைத்தால்தான் படம் படமாக இருக்கும். வேஷம் போட்ட இந்தச் செடியைக் கண்டெடுத்த கதையும் வேஷக்கதைதான். 1767இல் பிரெஞ்சு மாலுமி பூகன்வில்லின் கப்பல்கள் பிரேசில் போனபோது, தாவரவியலாளர் கொம்மர்சன் இதைச் சேகரித்தார். கூடவே செடி சுமந்து திரிந்த உதவியாளப் பையன் உண்மையில் ஜான் பாரே என்ற பெண். பெண்களைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் ஆண் வேஷம். உலகைச் சுற்றிவந்த முதல் பெண்ணாக இன்று அறியப்படுகிறவர் அவர்தான்.

இத்தனையும் எடுத்துச் சேர்த்த படங்கள் கடைசியில் எங்கே போகின்றன? குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு. 2018 வாக்கில் ஒரு செய்தி வந்தது: இந்தியாவில் போன்கள் ஏன் அடிக்கடி நிரம்பி நின்றுவிடுகின்றன என்று கூகுள் ஆட்கள் ஆராய்ந்தபோது, காலை வணக்கப் படங்கள் ஒரு முக்கியக் காரணம் என்று தெரிந்ததாம். அதில் என் பெரியப்பாவின் பங்களிப்பு கணிசமானது. தினம் விடியலில் பனித்துளியோடு ஒரு ரோஸ் கலர் ரோஜா, அதன் மேல் தங்க எழுத்தில் ஒரு பொன்மொழி. நான் கோந்து துடைத்து, வேட்டி பிடித்து, வெளிச்சம் குறைத்து எடுத்த டேபிள் ரோஸை அனுப்பினேன். பெரியப்பா உடனே பதில் போட்டார்: "படம் நல்லா இருக்கு. ஆனா எழுத்து ஒண்ணும் இல்லையே?"

ரோஜா என்றதும் ஞாபகம் வருகிறது. லோடு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வரும் செடி வண்டியில், ஆளை மயக்கும் ரோஸ் கலர் ரோஜா ஒன்று பூத்து நின்றது. மனைவி வாங்கினாள். இந்த முறை அதைப் புரொபசருக்கு எட்டாமல் மாடியில் வைத்தோம். வாங்கிய அன்று இருந்த பூதான். அதன் பிறகு இலை விடுகிறது, முள் விடுகிறது, பூ விடுவதில்லை. ஒட்டுச் செடி என்பதால், ஒட்டுக்குக் கீழே அடிச்செடியிலிருந்து கிளம்பும் துளிரை அவ்வப்போது கிள்ளாவிட்டால், காட்டு ரோஜா ஜெயித்து, நாம் காசு கொடுத்த ரோஜா தோற்றுவிடுமாம். நல்ல ரெசியூமைக் காட்டி வேலைக்குச் சேர்ந்து, புரொபேஷன் முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் ஆட்களை எல்லா கம்பெனியிலும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இந்த வட்டாரத்தில் செடி வாங்கப் போகிற யாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: எந்தப் பூ அழகு என்று கேட்காதீர்கள், எந்தப் பூவுக்கு என்ன டியூட்டி என்று கேளுங்கள். நீங்கள் கம்பெனியில் இருக்கும் நேரத்தில் பூக்கிறது பக்கத்து வீட்டுக்காரருக்குப் பூக்கிறது. நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் பூப்பதுதான் உங்கள் பூ. வாராவாரம் ஷிஃப்ட் மாறுகிறவர்கள், என்னைப் போல, ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தத் தத்துவத்தை நான் அடிக்கடி விளக்குவதைக் கேட்டுச் சலித்துப்போய், மகள் ஒரு கோடு போட்ட தாளில் டியூட்டி சார்ட் எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். டேபிள் ரோஸ்: காலை பத்து முதல் மதியம் வரை, வெயில் இருந்தால் மட்டும். அந்திமந்தாரை: மாலை நான்கு முதல் மறுநாள் காலை வரை, ஓவர்டைம் உண்டு. ரங்கூன் மல்லி: நைட் ஷிஃப்ட், தினம் யூனிஃபார்ம் மாற்றும். மழை லில்லி: கேஷுவல். நித்யகல்யாணி: பெர்மனென்ட். அரளி: மூன்று ஷிஃப்டும், ஆனால் பாட்டி டெபுடேஷனில் சாமி ரூமுக்கு அனுப்பிவிடுவார். வண்டி ரோஜா: சேர்ந்த நாள் முதல் மெடிக்கல் லீவு.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். பேனா கேட்டு வாங்கி, அடியில் ஒரு வரி சேர்த்தார்: "ஆடு – மூணு ஷிஃப்டும். கேட்டைச் சாத்தவும்."